பழைய படங்களை ஸ்கான் செய்து ஸ்லைடில் போடுவது: கோப்பு ஏன் வீங்குகிறது, முகம் ஏன் மங்குகிறது

கேள்வி சுருக்கமாக இது: யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒரு பாடசாலைக்கு நூற்றாண்டு விழா வருகிறது. பழைய குழுப் படங்கள், ஆண்டு மலர்கள், பத்திரிகைத் துண்டுகள், சம்பவத் திரட்டின் (பாடசாலை நிகழ்வுகளை எழுதிவைக்கும் குறிப்பேடு) சில பக்கங்கள் எல்லாவற்றையும் ஸ்கான் செய்து பவர்பொயின்ட்டில் அரை மணி நேரக் காட்சியாகப் போட வேண்டும். பழைய மாணவர் சங்கத்துத் தம்பி ஒருவர் பாதி வேலையை முடித்துவிட்டார். கோப்பு 600 எம்பியைத் தாண்டிவிட்டது, திறப்பதற்கே நேரம் எடுக்கிறது, அப்படியிருந்தும் முகங்கள் மங்கலாகத்தான் தெரிகின்றன. "இவ்வளவு பெரிய கோப்பில் படம் எப்படி மங்கலாகும்?" என்று கேட்டிருக்கிறார்.

ஆகும் தம்பி. நீங்கள் மாதிரிக்கு அனுப்பிய ஸ்லைடுகளிலேயே காரணம் தெரிகிறது. அதிபரின் வாழ்த்துக் கடிதம் ஒரு ஏ4 தாள். அதை 600 டிபிஐயில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற கணக்கில், எடுத்திருக்கிறீர்கள். 4960க்கு 7016 பிக்சல், ஏறத்தாழ மூன்றரைக் கோடி. அதைக் காட்டப்போகும் திரை ஃபுல் எச்டியாக இருந்தால்கூட 1920க்கு 1080, இருபது இலட்சத்துச் சொச்சம்தான். மிச்சமெல்லாம் கோப்புக்குள் சும்மா படுத்திருக்கிறது. அடுத்த ஸ்லைடில் முதல் தலைமை ஆசிரியரின் பாஸ்போர்ட் அளவுப் படம், 35க்கு 45 மில்லிமீற்றர். அதை 150 டிபிஐயில் எடுத்ததால் கிடைத்தது 207க்கு 266 பிக்சல். அந்தத் துண்டை இழுத்து ஸ்லைடின் உயரம் முழுவதற்கும் விட்டிருக்கிறீர்கள். நான்கு மடங்கு இழுபட்டால் முகம் மங்காமல் என்ன செய்யும்? கடிதத்துக்கு அள்ளிக் கொடுத்ததில் பத்திலொன்றை இந்த முகத்துக்குக் கொடுத்திருந்தால் இரண்டு தொல்லையும் வந்திராது.

ஸ்கானரில் டிபிஐ போடும்போது பார்க்க வேண்டியது இரண்டு: மூலப் படம் எவ்வளவு பெரிது, அது திரையில் எவ்வளவு பெரிதாக நிற்கப்போகிறது. திரையில் வேண்டிய பிக்சலை மூலப் படத்தின் அங்குலத்தால் பிரியுங்கள். 6க்கு 4 அங்குலப் போட்டோ திரை அகலம் முழுக்க வர வேண்டுமென்றால் 1920ஐ 6ஆல் பிரிக்க 320. ஆகவே 300 அல்லது 400 போதும். பாஸ்போர்ட் படத்தின் உயரம் ஒன்றேமுக்கால் அங்குலம். 1080ஐ அதால் பிரித்தால் 600க்குச் சற்று மேல் வரும். அதை 1200இல் எடுத்துவிடுங்கள், ஓரம் வெட்டவும் இடமிருக்கும். ஏ4 எழுத்துப் பக்கத்துக்கு 300 தாராளம். மூலத்தின் அளவைப் பாராமல் ஏதோ ஒரு எண்ணைப் போட்டு ஸ்கான் பண்ணியதுதான் உங்கள் கோப்பின் நோய்.

இது ஸ்லைடுக்கான கணக்கு. படம் இன்னொருமுறை கைக்கு வராது என்றால் இந்தக் கணக்கை விட்டுவிட்டுக் குறைந்தது 600இல் எடுத்து, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் இது சும்மா சொல்லும் எச்சரிக்கை இல்லை. 1995 இடப்பெயர்வில் எத்தனையோ வீட்டு அல்பங்கள் போய்விட்டன. இருக்கும் ஒரே பிரதி யாரோ ஒரு பெரியம்மா வீட்டு அலுமாரியில், இல்லாவிட்டால் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும். ஒருநாள் இரவலாகத் தருவார்கள், அவ்வளவுதான். ஆகவே கணினியில் இரண்டு கோப்புறை வையுங்கள். ஒன்று "மூலம்": ஸ்கானரிலிருந்து வந்தது வந்தபடி, ஒரு கோடுகூடத் திருத்தாமல். மற்றது "ஸ்லைட்": அதிலிருந்து பிரதி எடுத்து, நேராக்கி, வெட்டி, சிறிதாக்கி, ஜேபெக்காக வைத்தது. பவர்பொயின்ட்டுக்குள் போவது இரண்டாவது கோப்புறையிலிருந்து மட்டும். கீழே சொல்வதெல்லாம் இந்தப் பிரிப்பை நம்பித்தான். போட்டோவின் பின்பக்கத்தில் பெயரோ ஆண்டோ ஸ்டூடியோ முத்திரையோ இருந்தால் அதையும் ஒருக்கால் ஸ்கான் செய்து மூலத்தோடு வையுங்கள். விழாவுக்கு அது தேவைப்படாது, ஆனால் "இது எந்த வருடம்?" என்ற சண்டை வரும்போது தேவைப்படும்.

வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டொக்யுமென்ட்டாக இணைத்து அனுப்ப வேண்டும், அல்லது மின்னஞ்சலில். கொமியூனிகேஷன் கடையில் ஸ்கான் கொடுத்தால் கேட்காமலே பிடிஎஃப் ஆகத் தருவார்கள். விண்டோஸில் பவர்பொயின்ட்டின் படக் கட்டளை பிடிஎஃப்பை ஏற்காது. உடனே எல்லோரும் செய்வது, பிடிஎஃப்பைத் திறந்து திரையைப் பிடித்து ஒட்டுவது. திரையில் தெரிந்த அளவுதான் அப்போது கிடைக்கும், ஸ்கான் செய்த தரம் அங்கேயே போய்விடும். கடையில் "ஜேபெக், கலர், 300" என்று மூன்று சொல் சொன்னால் போதும். ஏற்கனவே பிடிஎஃப் ஆக இருப்பதை கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் திறந்தால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் வேண்டும் என்று கேட்கும், 300 கொடுத்துப் பக்கத்தைப் படமாக்கலாம். ஆண்டு மலர்களை ஸ்கான் பண்ணத் தொடங்குமுன் நூலகம் இணையத்தளத்தில் ஒருக்கால் தேடுங்கள். 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் மலர்களையும் அவர்கள் எண்ணிமப்படுத்தி வருகிறார்கள், பாடசாலை மலர்கள் அங்கே கனக்க இருக்கின்றன. உங்களுடையதும் இருந்தால் அரைவாசி வேலை மிச்சம்.

கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரில்தான் ஸ்கான் செய்ய வேண்டும். பழுப்பு, கறை, மை எழுத்து எல்லாம் தனித்தனி நிறமாகப் பதிந்தால்தான் பிறகு பிரித்துத் திருத்தலாம். ஸ்கானரில் "பிளக் அன்ட் வைட்" என்று இருப்பது கடித எழுத்துக்கானது. அதில் போட்டோ எடுத்தால் சாம்பல் நிறமே இல்லாமல் கரிக்கட்டை மாதிரி வரும். தானாகத் திருத்தும் வசதிகளையும் நிறுத்திவிடுங்கள், திருத்தத்தை நாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனிக் குழுப் படம். நூற்றாண்டு விழாவின் உயிரே அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 10க்கு 8 அங்குலப் பிரதி, தடித்த மட்டையில் ஒட்டி, கீழே "இருப்பவர்கள் இடமிருந்து வலம்" என்று பெயர்கள். அந்தப் படத்தில் ஒரு முகத்தின் அகலம் ஒரு சென்ரிமீற்றர் வருமென்று வைத்துக்கொள்ளுங்கள். 300 டிபிஐயில் அது 118 பிக்சல். 600இல் 236. 1200இல் 472. முழுப் படத்தைக் காட்டுவதற்கு 300 போதும், ஆனால் மண்டபத்தில் இருக்கிறவர்கள் முழுப் படத்தையா பார்க்கிறார்கள்? "பின்வரிசையில மூன்றாவது நான்தான்" என்று காட்டத்தான் வருகிறார்கள். முகத்தைக் கிட்டக் கொண்டுவரப் போகிறீர்கள் என்றால் 600க்குக் குறையக் கூடாது. 1200 பலன் தருமா என்பது பிரதியைப் பொறுத்தது. பெரிய பிளேட் கமராவில் எடுத்து, அந்த நெகற்றிவை நேரே தாளில் வைத்துப் பிரதி போட்ட பழைய ஸ்டூடியோப் படங்களில் வியக்கத்தக்க நுணுக்கம் இருக்கும். சட்டைப் பையில் செருகிய பேனையின் கிளிப்கூடத் தெரியும். அவற்றுக்கு 1200 கொடுக்கலாம். 35 மில்லிமீற்றர் பிலிமில் எடுத்தது, அல்லது போட்டோவையே போட்டோ எடுத்துப் போட்ட பிரதி என்றால் 600க்கு மேல் போனாலும் மணி மணியான புள்ளிதான் பெருகும்.

மட்டை ஸ்கானர் கண்ணாடியைவிடப் பெரிதாக இருக்கும். அதன் ஓரம் ஸ்கானரின் விளிம்பு மேட்டில் ஏறி நிற்பதால் படம் கண்ணாடியைத் தொடாமல் ஒரு நூலளவு எழும்பி இருக்கும். இப்போது கடைகளில் வரும் பிரின்டரோடு சேர்ந்த ஸ்கானர்கள் பெரும்பாலும் சிஐஎஸ் வகை. கண்ணாடியோடு ஒட்டியிருப்பதை மட்டும் கூர்மையாக எடுக்கும், சற்று விலகினாலே மங்கும். தடித்த மலரைத் திறந்து வைத்தால் நடு மடிப்பில் எழுத்துக் கரைவதும் இதனால்தான். பழைய தடித்த சிசிடி ஸ்கானர் யாரிடமாவது இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அது இந்த இடைவெளியைத் தாங்கும். இல்லாவிட்டால் அப்படிப்பட்ட படத்தைப் போட்டோ எடுப்பதே நல்லது. விறாந்தையில், நேர் வெயில் படாத காலை வெளிச்சத்தில், படத்தைச் சுவரில் சாய்த்து, ஃபிளாஷ் இல்லாமல், போனைக் கிட்டக் கொண்டுபோகாமல் சற்றுத் தள்ளி நின்று இரண்டு மடங்கு சூமில் எடுங்கள். கிட்ட நின்றால் ஓரங்கள் வளையும். போனில் இருக்கும் ஆவண ஸ்கானர் செயலிகளைப் போட்டோவுக்குப் பாவிக்க வேண்டாம். அவை தாளை வெள்ளையாக்கி எழுத்தைக் கறுப்பாக்கப் பழகியவை, வெள்ளைச் சட்டை போட்ட அறுபது பிள்ளைகளும் ஒரே வெள்ளைப் பட்டையாகிவிடுவார்கள்.

பிரேமுக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்கவே கூடாது. படத்தின் மேல்தோல் கண்ணாடியோடு போய்விடும். ஒட்டும் பக்கம் கொண்ட அல்பங்களிலும் அப்படித்தான், பக்கத்தோடேயே ஸ்கான் செய்து பிறகு தனித்தனியாக வெட்டுங்கள்.

பத்திரிகைத் துண்டுக்கு வேறு சிக்கல். ஈழநாடு காலத்துப் பேப்பரில் வந்த படம் சிறு சிறு மைப் புள்ளிகளால் ஆனது. ஸ்கானரின் பிக்சல் வரிசையும் அந்தப் புள்ளி வரிசையும் மோதும்போது படத்தில் அலை அலையாக ஒரு கோலம் வரும். ஸ்கானர் மென்பொருளில் "டிஸ்கிரீன்" என்று ஒரு தெரிவு இருக்கும், அதைப் போடுங்கள். இல்லையென்றால் 600இல் எடுத்து, மெல்லியதாக மங்கலாக்கி, பிறகு மூன்றிலொன்றாகச் சிறிதாக்குங்கள், அலை அடங்கிவிடும். பின்பக்க எழுத்து ஊடாகத் தெரிந்தால் துண்டின் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்து ஸ்கான் செய்யுங்கள். வெள்ளை மூடிதான் பின்னெழுத்தைக் காட்டிக் கொடுக்கிறது. அப்புறம், முழுச் செய்தியையும் ஸ்லைடில் போட்டுவிட்டு யாரும் வாசிப்பார்கள் என்று நம்ப வேண்டாம். தலைப்பும் படமும் வரும்படி வெட்டி, முக்கியமான இரண்டு வரியைப் பக்கத்தில் புதிதாகத் தட்டெழுதிவிடுங்கள்.

திருத்தம் எங்கே செய்வது? கடினமானதை வெளியே, இலேசானதைப் பவர்பொயின்ட்டுக்குள். வெளியே என்றால் கிம்ப் இலவசம், பிரவுசரிலேயே திறக்கும் போட்டோபீயும் இலவசம். ஒழுங்கு முக்கியம்: முதலில் நேராக்குவது, பிறகு வெட்டுவது, பிறகு ஒளி, பிறகு நிறம், பிறகு கீறல் மறைப்பது, அளவைச் சிறிதாக்குவது, கடைசியில் கூர்மையாக்குவது. கூர்மையை முதலில் கூட்டினால் தூசியும் கீறலும் சேர்ந்து கூர்மையாகிவிடும். பிறகு அவற்றை மறைக்க இரட்டை வேலை.

ஒளிக்கு "லெவல்ஸ்" ஒன்றே போதும். அதில் ஒரு மலை மாதிரி வரைபடமும் கீழே மூன்று முக்கோணங்களும் தெரியும். மங்கிப்போன படத்தில் மலை நடுவில் குவிந்து இரண்டு பக்கமும் வெறுமையாக இருக்கும். இடது முக்கோணத்தை மலை தொடங்கும் இடத்துக்கும் வலது முக்கோணத்தை மலை முடியும் இடத்துக்கும் இழுத்தால் படம் எழும்பி நிற்கும். முகங்கள் இருட்டாக இருந்தால் நடு முக்கோணத்தை இடப்பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள். பவர்பொயின்ட்டில் இந்தக் கருவி இல்லை. அங்கே இருக்கும் பிரைட்னஸ் முழுப் படத்தையும் ஒன்றாகத் தூக்குவதால் கறுப்புச் சாம்பலாகும், வெள்ளை எரியும்.

எழுபது எண்பதுகளின் கலர்ப் போட்டோக்கள் சிவந்துபோயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத் தாளில் மூன்று சாயங்களில் நீலப்பச்சைச் சாயம், அல்பத்துக்குள் இருட்டில் இருந்தாலும், மற்றவற்றுக்கு முன் மங்கிவிடும். மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும். கிம்ப்பில் நிறங்கள் பட்டியலில் தானியங்கி "வைட் பலன்ஸ்" ஒன்று இருக்கிறது, பாதிப் படங்களுக்கு அதுவே போதும். அதிலும் சரிவராவிட்டால் லெவல்ஸில் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக எடுத்து முக்கோணங்களை மலைக்கு நெருக்குங்கள். அப்படியும் முகம் தக்காளியாக இருந்தால் கறுப்பு வெள்ளையாக்கிவிடுவதே மரியாதை.

கீறல், பூஞ்சைப் புள்ளி, மடிப்புக் கோடு இவற்றை "ஹீல்" கருவியால் மறைக்கலாம். வானம், சுவர், வேட்டி இவற்றில் தாராளமாகச் செய்யுங்கள். முகத்தில் கை வைக்காதீர்கள். இதோடு சேர்ந்ததுதான் முகத்தைத் தெளிவாக்கித் தருகிறோம் என்று வரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள். 60 பிக்சலில் இருக்கும் ஒரு முகத்தில் இல்லாத தகவலை அவை எங்கிருந்து கொண்டுவரும்? எங்கேயோ பழகிய ஆயிரம் முகங்களிலிருந்து ஒரு கண்ணையும் பல்லையும் எடுத்துப் பொருத்தும். பார்க்க வடிவாகத்தான் இருக்கும், ஆள்தான் வேறு. முன்வரிசையில் அந்த மாஸ்டரிடம் படித்த எண்பது வயது ஐயா உட்கார்ந்திருப்பார், "இது ஆர்?" என்று கேட்பார். நிறம் பூசுவதும் அப்படியே, சேலைக் கரை என்ன நிறமென்று அந்தச் செயலிக்குத் தெரியாது. விழா மலரில், ஸ்லைடில், நினைவுப் படத்தில் இவற்றைப் பாவிப்பதை நான் ஏற்பதில்லை. மங்கலான உண்மை முகத்தைச் சிறிதாகப் போடலாம்.

சரி, பவர்பொயின்ட்டுக்கு வருவோம். 2003 காலத்துப் பதிப்பில் ஸ்கானரிலிருந்து நேரே ஸ்லைடுக்குப் படத்தைக் கொண்டுவரும் கட்டளை இருந்தது. இப்போதைய பதிப்புகளில் அது இல்லை, படத்தைச் சேமித்து "இன்சேர்ட், பிக்சர்ஸ்" வழியாகத்தான் வர வேண்டும். நூறு படத்தை ஒவ்வொன்றாகப் போட வேண்டியதில்லை. "இன்சேர்ட்" பட்டியலில் "போட்டோ அல்பம்" இருக்கிறது. எல்லாப் படத்தையும் ஒரேயடியாகத் தெரிந்து, ஒரு ஸ்லைடுக்கு ஒரு படம் என்று கொடுத்தால் புதிய காட்சியாகச் செய்து தரும். "எல்லாப் படத்துக்கும் கீழே விளக்கம்" என்ற தெரிவைப் போட்டால் கோப்பின் பெயரையே விளக்கமாக எழுதிவிடும். ஆகவே கோப்புக்கு "ஸ்கான் 0047" என்று விடாமல் "1962 ஆசிரியர் குழாம்" என்று தமிழில் பெயர் வைத்துவிட்டால் விளக்கம் தானாக வந்து உட்காரும். ஆண்டை முன்னால் வைத்தால் வரிசையும் சரியாகிவிடும்.

படத்தின் அளவை மாற்றும்போது மூலையைப் பிடித்து இழுங்கள். பக்கத்தைப் பிடித்தால் மனிதர்கள் குட்டையாவார்கள் அல்லது ஒட்டகச்சிவிங்கியாவார்கள். ஒரு படத்துக்குப் பிறகு அதைவிட நல்ல பிரதி கிடைத்தால் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டாம். படத்தில் வலது சொடுக்கி "சேஞ்ச் பிக்சர்" கொடுத்தால் இடமும் அளவும் அசைவும் மாறாமல் படம் மட்டும் மாறும். பழுப்பும் சாம்பலும் கலந்த படங்கள் அடுத்தடுத்து வந்து கண்ணை உறுத்தினால் "பிக்சர் போர்மட், கலர்" போய் நிறச் செறிவைச் சைபராக்குங்கள், எல்லாம் ஒரே குடும்பமாகிவிடும். அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஓவியம் போல, பென்சில் போல என்ற அலங்காரங்களைத் தொடாதீர்கள். அதிபரின் கையொப்பத்தையோ பாடசாலைச் சின்னத்தையோ வெள்ளைப் பின்னணி இல்லாமல் வைக்க "கலர்" பட்டியலின் அடியில் "செற் ட்ரான்ஸ்பேரன்ட் கலர்" இருக்கிறது. அது ஒரே ஒரு நிறத்தைத்தான் நீக்கும். ஸ்கான் செய்த தாளின் வெள்ளை நூறு வகை வெள்ளையாக இருப்பதால் பொட்டுப் பொட்டாக மிஞ்சும். முதலில் லெவல்ஸில் வலது முக்கோணத்தை நன்றாக உள்ளே இழுத்துத் தாளைச் சுத்த வெள்ளையாக்கி, பிஎன்ஜியாகச் சேமித்துவிட்டு வந்தால் சுத்தமாகப் போகும்.

குழுப் படத்தில் முகத்தைக் கிட்டக் கொண்டுவர ஒரு வடிவான வழி "மோர்ஃப்" என்ற ஸ்லைட் மாற்றம் (ட்ரான்சிஷன்). 2019 பதிப்பிலும் 365இலும் இருக்கிறது. முழுப் படம் இருக்கும் ஸ்லைடைப் பிரதி எடுத்து, இரண்டாவதில் படத்தைப் பெரிதாக்கி வேண்டிய முகம் நடுவில் வரும்படி நகர்த்தி, அந்த ஸ்லைடுக்கு மோர்ஃப் கொடுங்கள். காட்டும்போது கமரா மெல்ல அருகே போவது போல இருக்கும். பழைய பதிப்பென்றால் அதே இரண்டு ஸ்லைடுக்கும் நடுவே "ஃபேட்" போதும். 600இல் எடுத்த ஸ்கான் இங்கேதான் சோறு போடும்.

அடுத்தது, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் ஸ்லைடில் பார்த்தேன். சம்பவத் திரட்டுப் பக்கத்தில் ஒரு மாணவனின் தண்டனைக் குறிப்பை "கிரொப்" பண்ணி மறைத்திருக்கிறீர்கள், இன்னொன்றில் பெயர் மேல் கறுப்புப் பெட்டி வைத்திருக்கிறீர்கள். பவர்பொயின்ட்டில் கிரொப் என்பது மறைப்பதுதான், வெட்டுவது இல்லை. விழா முடிந்து அந்தக் கோப்பை எல்லோருக்கும் அனுப்புவீர்கள். யாராவது படத்தில் "ரீசெற் பிக்சர் அன்ட் சைஸ்" அழுத்தினால் முழுப் பக்கமும் திரும்ப வந்துவிடும். பெட்டியை இழுத்தால் பெயர் தெரியும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை இலக்கம், புள்ளிப் பட்டியல் எல்லாவற்றுக்கும் இதே கதை. காட்டக்கூடாததை வெளியிலேயே, கிம்ப்பில், படத்திலிருந்தே வெட்டி அல்லது அழித்துவிட்டு ஜேபெக்காகச் சேமித்துக் கொண்டுவாருங்கள். அந்தப் பிள்ளைக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்.

கோப்பைச் சிறிதாக்குவதற்கு "பிக்சர் போர்மட், கொம்பிரஸ் பிக்சர்ஸ்". மேலே இரண்டு கட்டம் இருக்கும். "இந்தப் படத்துக்கு மட்டும்" என்பதை எடுத்துவிடுங்கள், "வெட்டிய பகுதிகளை நீக்கு" என்பதை வைத்திருங்கள். அளவில் 330, 220, 150, 96 என்று பிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று, கேட்கும். அகலத் திரை ஸ்லைட் 13.33க்கு 7.5 அங்குலம். ஆகவே 150 கொடுத்தால் முழு ஸ்லைட் படம் 2000க்கு 1125 பிக்சல், ஃபுல் எச்டிக்கு அளவெடுத்தது போல. 220 கொடுத்தால் 2933 வரும், திரைக்கு அது மிதமிஞ்சியது. 96இல் 1280தான், அதற்கு இறங்க வேண்டாம். இதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். படம் அப்போது ஸ்லைடில் நிற்கும் அளவைப் பார்த்துத்தான் அது சுருக்கும், பிறகு பெரிதாக்கினால் மங்கும். இன்னொரு பொறி: பல பதிப்புகளில் பவர்பொயின்ட் ஒவ்வொருமுறை சேமிக்கும்போதும் தானாகவே 220க்குச் சுருக்கிவிடும். சின்னதாக வைத்துச் சேமித்துவிட்டு நாளைக்குப் பெரிதாக்கினால் "நேற்று நன்றாக இருந்ததே" என்று தோன்றுவது இதனால்தான். "ஃபைல், ஒப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட்" போய் "படங்களைச் சுருக்காதே" என்பதை வேலை முடியும்வரை போட்டு வையுங்கள்.

எந்தப் படம் கோப்பை வீங்க வைக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால் கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து அதன் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறவுங்கள். உள்ளே "பிபிடி", அதற்குள் "மீடியா". அங்கே எல்லாப் படமும் அளவோடு வரிசையாகக் கிடக்கும். உங்களுடையதில் அந்த ஏ4 கடிதம் முதலிடத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

படவிளக்கத்தை பாமினியில் தட்டெழுதியிருக்கிறீர்கள். உங்கள் லப்டொப்பில் சரி. மண்டபத்துக் கணினியில் பாமினி எழுத்துரு இல்லாவிட்டால் ஆசிரியர்களின் பெயரெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், அதுவும் பிரதம விருந்தினர் முன்னால். இணையத்தில் பாமினியை யுனிகோடாக மாற்றும் கருவிகள் இருக்கின்றன, மாற்றி நிர்மலா அல்லது லதா எழுத்துருவைக் கொடுங்கள். மாற்றிய பிறகு பெயர்களை ஒருக்கால் வாசித்துப் பாருங்கள். பெயரில் பிழை வந்தால் படத்தின் தரத்தை ஒருவரும் கவனிக்க மாட்டார்கள்.

மண்டபத்துக்கு முதல்நாளே போய்ப் பாருங்கள். புறொஜெக்டர் பழைய 4க்கு 3 வகை என்றால் பெரும்பாலும் 1024க்கு 768தான், உங்கள் அகலத் திரை ஸ்லைட் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு சிறுத்துத் தெரியும். "டிசைன், ஸ்லைட் சைஸ்" மாற்றலாம், ஆனால் நூறு ஸ்லைடைச் செய்த பிறகு மாற்றினால் ஒவ்வொன்றையும் திரும்ப ஒழுங்கு செய்ய வேண்டிவரும். ஆகவே இதை இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பகல் விழா, இரண்டு பக்கமும் யன்னல் என்றால் லப்டொப்பில் அருமையாக இருந்த பழைய படம் அங்கே இருண்டுவிடும். "ஸ்லைட்" கோப்புறைப் பிரதிகளில் நடு முக்கோணத்தை இன்னும் கொஞ்சம் தள்ளி முகங்களை வெளிச்சமாக்குங்கள். திரையில் சற்று வெளிறியது போலத் தெரிந்தாலும் மண்டபத்தில் சரியாக இருக்கும். மூலக் கோப்புறை தொடப்படாமல் இருப்பதால் இதில் பயமில்லை.

உங்கள் 600 எம்பி கோப்பை எறிய வேண்டாம். அதற்கு ஒரு பிரதி எடுத்து, முதலில் மங்கலான முகங்களை மட்டும் பட்டியல் போடுங்கள். அவற்றைத் திரும்ப 600இலோ 1200இலோ எடுத்து "சேஞ்ச் பிக்சர்" கொடுத்து மாற்றுங்கள். கடிதங்களையும் மலர்ப் பக்கங்களையும் திரும்ப ஸ்கான் செய்யத் தேவையில்லை, கடைசியில் 150க்குச் சுருக்கும்போது தானாக மெலிந்துவிடும். மாற்றிய பிறகும் 100 எம்பிக்கு மேல் நின்றால் அந்த மீடியா கோப்புறையின் பட்டியலை அனுப்புங்கள், பார்ப்போம்.